பழைய கணினிக்கு எஸ்எஸ்டி போட்ட பிறகு எந்த இயங்குதளம்?

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் உள்ள ஒரு சிறிய காப்பித் தோட்டத்து அலுவலகத்தில், 2014இல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. அங்கே ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக, வேலை பார்ப்பவர் காலையில் அதை ஆன் செய்துவிட்டு வெளியே போய், அன்றைய ஆள் கணக்கை எடுத்து முடித்துத் திரும்பும்போதுதான் கணக்கு மென்பொருளான டாலி திறக்கும் நிலைக்கு அது வந்திருக்கும். கடந்த மழைக்காலத்தில் அவர் என்னை அழைத்து, "இது இன்னும் தாங்குங்களா சார், இல்ல புதுசே வாங்கிரச் சொல்லட்டுங்களா முதலாளிகிட்ட?" என்று கேட்டார். அதே வாரத்தில் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டில், மூத்த மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியை இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்குப் பயன்படும்படி செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். 2018இல் வாங்கிய என்னுடைய லேப்டாப்பும் அப்போது அதே நிலையில்தான் இருந்தது. மூன்றிலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் போட்டேன். ஆனால் மூன்றிலும் விண்டோஸ், லினக்ஸ் என்று ஒரே இயங்குதளத்தை ஏற்றவில்லை. ஏன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பழுது பார்க்கும் கடைகளில் "எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் லெவன் ஏத்தித் தர்றோம்" என்று இரண்டையும் ஒரே வேலையாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு முடிவுகள். எஸ்எஸ்டி போடலாமா என்ற கேள்விக்கு, மதர்போர்டு நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலான கணினிகளுக்குப் போடலாம் என்பதே விடை. எந்த இயங்குதளம் என்ற கேள்விக்கோ, அந்தக் கணினியின் பிராசஸர் எந்தத் தலைமுறை, அதில் என்ன வேலை நடக்கிறது, அதில் யாருடைய விவரங்கள் இருக்கின்றன என்பதையெல்லாம் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். லேப்டாப்பில் உள்ள ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கிறது. ஒரு கோப்பைப் படிக்க வேண்டுமானால், படிக்கும் முனை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும். பிறகு தேவையான பகுதி சுழன்று முனையின் கீழ் வரும்வரை காத்திருக்க வேண்டும். சுழற்சிக்காக மட்டும் சராசரியாக ஐந்தரை மில்லிநொடி போகிறது. முனை நகர்வதற்கு இன்னும் பத்து மில்லிநொடி போகிறது என்று வைத்துக்கொண்டால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளில் நொடிக்கு அறுபது எழுபதைத்தான் அது தொட முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போதும், ஆன்டிவைரஸும் அப்டேட்டும் ஒரே நேரத்தில் ஓடும்போதும் தொடப்படுபவை இத்தகைய சிறு துண்டுகள்தாம். அவை ஆயிரக்கணக்கில் இருக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை என்பதால், ஒரு துண்டை எடுக்க ஏறத்தாழ மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கே போதும். பிராசஸர் பழையதாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கணினிகளில் பலவற்றில், உண்மையில் அந்தப் பிராசஸர் ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

"உங்க மெஷின்ல பழைய சாட்டா போர்ட்டுதான் இருக்கு, எஸ்எஸ்டி போட்டாலும் முழு வேகம் வராது" என்று சிலர் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் வழி. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. இரண்டாம் தலைமுறை சாட்டா போர்ட்டில் நொடிக்கு 300 எம்பி அளவுக்கும், மூன்றாம் தலைமுறையில் 600 எம்பி அளவுக்கும்தான் தரவு போக முடியும். சாட்டா எஸ்எஸ்டிகள் 550 எம்பி வரை தரக்கூடியவை. ஆகவே பெரிய சினிமாக் கோப்பு ஒன்றைப் படியெடுக்கும்போது பழைய போர்ட்டில் பாதி வேகம்தான் கிடைக்கும். ஆனால் நாள் முழுவதும் நம்மைக் காக்க வைப்பவை பெரிய கோப்புகள் அல்ல, சிறு கோப்புகள். அவற்றைப் பொறுத்தவரை போர்ட்டின் வரம்பு ஒரு தடையே இல்லை. கணினியை ஆன் செய்தவுடன் முதலில் ஓடும் அமைப்பு நிரலான பயாஸில், சாட்டாவின் நிலை ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால் அதை ஏஹெச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றிவிட்டுப் புதிதாக இயங்குதளம் நிறுவ வேண்டும். ஐடிஇ நிலையில் நிறுவிய பழைய விண்டோஸை வைத்துக்கொண்டே மாற்றினால் அது நீலத் திரையில் நின்றுவிடக்கூடும்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துபோகும் என்ற அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. பெயர்பெற்ற நிறுவனங்களின் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டிகள் சிலவற்றுக்கு 300 டிபி, அதாவது மூன்று லட்சம் ஜிபி, எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். தோட்டத்து அலுவலகத்தில் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதப்படுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்த அளவை எட்ட 15,000 நாள், அதாவது 41 ஆண்டு ஆகும். தேய்வைவிட நான் அஞ்சுவது வேறொன்று. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகும் முன் பெரும்பாலும் சத்தம் போடும், மெதுவாகும், நமக்குச் சிறிது அவகாசம் தரும். எஸ்எஸ்டி ஒரு நாள் காலையில் முன்னறிவிப்பே இல்லாமல் காணாமல் போய்விடலாம். அழித்த கோப்பை மீட்பதும் அதில் கடினம். ஆகவே எஸ்எஸ்டி போட்ட கணினிக்கு இரண்டாவது படி ஒன்று கட்டாயம் வேண்டும்; அதற்குக் கழற்றிய ஹார்ட் டிஸ்க்கே போதும். அதை யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டுவிட்டால் பேக்கப்புக்கு ஆகிவிடும்.

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலையும் உண்டு. ஏற்காட்டு ஈரம் கணினிக்குள்ளும் இறங்குகிறது. தோட்டத்து டெஸ்க்டாப் சில நாட்களில் பீப் ஒலி எழுப்பிவிட்டுத் திரையில் எதுவும் காட்டாமல் நின்றுவிடும் என்று ரைட்டர் சொல்லியிருந்தார். கேபினெட்டைத் திறந்து ரேமைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிப் பழுப்பேறியிருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை ரப்பரை வைத்து இரண்டு பக்கமும் மெதுவாக அழித்து, துகள்களைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ரேமைத் திரும்பச் செருகி இரு பக்கக் கொக்கிகளும் டக்கென்று விழும்வரை அழுத்தினேன். பீப் ஒலி நின்றுபோயிற்று. இந்தக் கோளாறு தீராமல் இருந்திருந்தால் மதர்போர்டையே சந்தேகித்திருப்பேன், எஸ்எஸ்டி வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன். ரேமைக் கூட்டுவதற்கும் அதுவே நேரம். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 10 ஓடும், ஆனால் பிரவுசரில் நான்கு பக்கம் திறந்தவுடன் திணறும். 8 ஜிபி ஆக்கிவிட்டால் அந்தத் திணறல் இல்லை. பழைய லேப்டாப்புக்கு வாங்குவோர் டிடிஆர்3 ரேமா, டிடிஆர்3எல் ரேமா என்பதைக் கழற்றி எடுத்த ரேமின் லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல்தான் பொருந்தும்.

பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே எஸ்எஸ்டிக்குப் படியெடுக்கும் குளோனிங் முறை நல்லதா, புதிதாக நிறுவுவது நல்லதா என்று கேட்பவர்களுக்கு, முடிந்தவரை புதிதாக நிறுவுங்கள் என்றே சொல்வேன். இதற்குப் பின்னால் என் அனுபவம் ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உறவினரின் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை அதே 500 ஜிபி அளவுள்ள புதிய எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்ய உட்கார்ந்தேன். திரையில் இரண்டும் ஒரே அளவில், அடுத்தடுத்த எண்ணோடு தெரிந்தன. எது மூலம், எது இலக்கு என்பதை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டேன். வெறும் எஸ்எஸ்டியின் உள்ளடக்கம் ஹார்ட் டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டது. அவர்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் பாதிதான் திரும்பக் கிடைத்தன. அன்றிலிருந்து, டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள லேபிளில் இருக்கும் வரிசை எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த டிஸ்க்கிலும் கைவைப்பதில்லை. முக்கியமான கோப்புகளை மூன்றாவது ஓரிடத்தில் சேமிக்காமல் தொடங்குவதும் இல்லை.

இனி இயங்குதளத்துக்கு வருவோம். விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் திருத்தம் பெறும் ஒரு திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் சேரக் கணினியில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றும் வேண்டும். அலுவலகக் கணினிகளுக்குக் கட்டணத்தோடு தனித் திட்டம் உண்டு. விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபரில். அதற்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும், கணினி எழும்போதே சந்தேகத்துக்குரிய நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டும் தேவை. தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது: ஐ3-4130 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்வரும் 4 என்பது நான்காம் தலைமுறை, ஐ5-8250யு என்று இருந்தால் எட்டாம் தலைமுறை.

என் லேப்டாப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது எட்டாம் தலைமுறை. பயாஸில் பிடிடி என்ற பெயரில் அணைந்து கிடந்த டிபிஎம்மை ஆன் செய்து, எம்.2 எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவிவிட்டேன். இவ்வகைக் கணினி வைத்திருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. வாங்கும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்: எம்.2 என்பது வடிவத்தின் பெயரே ஒழிய வேகத்தின் பெயர் அல்ல. சில பழைய லேப்டாப்புகளின் எம்.2 இடத்தில் சாட்டா வகை மட்டுமே வேலை செய்யும். அதைவிட வேகமான என்விஎம்இ வகையை வாங்கிப் பொருத்தினால் பயாஸ் அதைக் கண்டுகொள்ளாது.

அம்மாப்பேட்டை மடிக்கணினியின் நிலை வேறு. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியது. இது அதன் தொடக்க ஆண்டுகளில் கிடைத்த இயந்திரம், 2 ஜிபி ரேம். விண்டோஸ் 7உடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் (BOSS) லினக்ஸும் அதில் இருந்தது. அந்த லினக்ஸை ஒரு முறைகூடத் திறந்ததில்லை என்றாள் அந்த மூத்த மகள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, குரோம் பிரவுசரும் 2023இல் அதைக் கைவிட்டது. அதில் விண்டோஸ் 11ஐ நினைத்துப் பார்க்கவே இடமில்லை. ரேமை 4 ஜிபி ஆக்கி, 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ வகையை நிறுவினேன். உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்ட அதற்கு 2029 வரை திருத்தங்கள் வரும், கட்டணமும் இல்லை.

இந்தத் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் லினக்ஸ் என்றாலே நம்மூரில் "அது இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலே விண்டோஸோடு உபுண்டுவையும், ஓப்பன் ஆஃபீஸ் ரைட்டரையும் கற்றுத் தருகிறது. அந்தத் தம்பி இன்னும் இரண்டு ஆண்டில் அதைப் படிக்கப் போகிறவன்; அவனுக்குப் பாடநூல் பிடிஎஃப் பார்க்கவும், வீடியோ பார்க்கவும், கட்டுரை தட்டச்சு செய்யவும் மின்ட்டில் எல்லாமே இருக்கிறது. தமிழ் தட்டச்சுக்கு, லினக்ஸில் பல மொழிகளை உள்ளிட உதவும் ஐபஸ் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தேன். அக்கா பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்த பழைய கோப்புகள் முதலில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரிந்தன. அந்த எழுத்துருக் கோப்பை நகலெடுத்து நிறுவியவுடன் அவையும் ஒழுங்காகத் தெரிந்தன. பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்க்க முடியும் என்பது இதன் பெரிய வசதி. நிறுவும் முன்பே வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, வீட்டில் உள்ள பிரிண்டர் அச்சிடுகிறதா என்று அரை மணி நேரம் சோதித்துவிடலாம். பிரிண்டரைக் குறிப்பாகச் சோதிக்க வேண்டும். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் லினக்ஸில் தாமாகவே வேலை செய்கின்றன. ஆனால் நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் காணப்படும் ஒரு பழைய லேசர் பிரிண்டர் மாடலை லினக்ஸில் ஓட்ட ஒரு நாள் முழுவதும் போராடிய அனுபவம் எனக்கு உண்டு. அத்தகைய பிரிண்டரை நம்பிப் பிழைக்கும் கடைக்கு நான் லினக்ஸைச் சொல்ல மாட்டேன். கூகுளின் இயங்குதளமான குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸும் கட்டணமில்லாததுதான், எளியதுதான். எனினும் ஏறத்தாழ எல்லா வேலைக்கும் இணையத்தை எதிர்பார்ப்பதால், நிலையான இணைய இணைப்பு இல்லாத வீட்டுக்கு அது பொருந்தவில்லை. இன்னும் பழைய, 32 பிட் மட்டுமே தாங்கும் இயந்திரங்களில் மின்ட் 22 ஏறாது. டெபியன் 12 ஏறும்.

தோட்டத்து டெஸ்க்டாப்புக்குத்தான் நான் அதிக நாள் யோசித்தேன். அது ஐ3-4130, நான்காம் தலைமுறை. அதில் ஓடுவது டாலி. டாலி விண்டோஸில்தான் ஓடும். ஆகவே மின்ட் அங்கே விடையாகாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் போன்ற வழிகளில் டாலியை ஓட்டலாம் என்பவர்கள் உண்டு; ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளில் அது தகராறு செய்தால் ரைட்டர் யாரைக் கூப்பிடுவார்?

நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்கும் ரூஃபஸ் போன்ற கருவியைக் கொண்டு தகுதிச் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ அதில் ஏற்றுவதும் முடியும். ஏற்றினால் ஓடவும் செய்யும். இன்னும் பழைய, கோர் 2 டூயோ பிராசஸர் காலத்து இயந்திரங்களில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது என்றாலும், நான்காம் தலைமுறைக்கு அந்தத் தடை இல்லை. கடைக்காரர்கள் பலரும் இதைத்தான் செய்து தருகிறார்கள். ஆனால் தகுதியில்லாத கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை என மைக்ரோசாஃப்ட்டே சொல்லிவிட்டது. ஆண்டுக்கொரு முறை வரும் புதிய பதிப்பும் தானாக வந்து சேராது, யாராவது வந்து உட்கார்ந்து ஏற்ற வேண்டும். வீட்டில் தனக்கென்று வைத்திருப்பவர், விவரம் தெரிந்தே அந்த வழியில் போனால் நான் தடுக்க மாட்டேன். இந்தக் கணினியிலோ தோட்டத் தொழிலாளர்களின் ஆதார் எண்ணும், பிஎஃப் எண்ணும், வங்கிக் கணக்கு விவரமும் இருக்கின்றன. தம் விவரம் எந்த இயந்திரத்தில் எப்படிக் காக்கப்படுகிறது என்று கேட்கும் வாய்ப்புக்கூட அவர்களுக்கு இல்லை. நாளைக்குத் திருத்தம் வருமா என்று தெரியாத ஓர் இயங்குதளத்தில் அவற்றை வைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

மீதமிருப்பவை இரண்டு வழிகள்: விண்டோஸ் 10ஐயே வைத்துக்கொண்டு அலுவலகங்களுக்கான கூடுதல் திருத்தத் திட்டத்தில் சேர்ந்து ஓராண்டு ஓட்டுவது, அல்லது உடனே வேறு கணினி வாங்குவது. புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை, ஒன்பதாம் தலைமுறை டெஸ்க்டாப்புகள் பழுது பார்க்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. விண்டோஸ் 11க்கு அவை முறைப்படி தகுதியானவை. விலையும் புதியதைவிடக் குறைவு. எஸ்எஸ்டியும் ரேமும் மாதத்துக்கு மாதம் விலை ஏறி இறங்குவதால், எஸ்எஸ்டி, ரேம், கூலி ஆகிய மூன்றின் செலவும் சேர்ந்து அத்தகைய கணினி ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் பழையதில் மேலும் போட வேண்டாம் என்பது நான் வைத்திருக்கும் அளவு.

தோட்டத்தில் அந்த அளவைத் தாண்டவில்லை. மழைக்காலம் முடிந்தால் காப்பிப் பழம் பறிக்கும் காலம், அதன் பின் மார்ச் 31இல் கணக்காண்டு முடிவு. அந்த நேரத்தில் கணினியை மாற்றுவது ரைட்டருக்குத் தேவையில்லாத தொல்லை. ஆகவே எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் போட்டு, விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவி, அந்தக் கூடுதல் திருத்தத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். ஆண்டுக் கணக்கை ஆடிட்டரிடம் கொடுத்த பிறகு, 2026 அக்டோபருக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத கணினி ஒன்றுக்கு டாலியை மாற்றிவிட்டு, இந்தப் பழைய டெஸ்க்டாப்பில் மின்ட் ஏற்றி, தொழிலாளர்களின் லைன் வீடுகளில் உள்ள பிள்ளைகள் மாலையில் படிப்பதற்குக் கொடுப்பது என்று முதலாளியும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஆன் செய்தால் ரைட்டர் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் உள்நுழையும் திரை வந்துவிடுகிறது. ஆள் கணக்கை எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் கணினியை ஆன் செய்கிறார். மாலையில் டாலியின் தரவுக் கோப்புறையை, கேஸில் போட்ட பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் படியெடுத்து, அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுகும் டப்பாவில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்.